வேகம் யாருடைய சொத்து? – ஒரு கணக்குப் பிழையின் வரலாறு

1

கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் கூலி விவரம் திரட்டப் போயிருந்த ஒரு மாலையில்தான் இக்கட்டுரைக்கான விஷயம் எனக்கு அகப்பட்டது. சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே வரும் புறநகர் மின்ரயில்களில் பெரும்பாலானவை நின்றுவிடும் ஊர் அது. பழைய இரும்பை உருக்கும் உலைகளும், வார்த்த இரும்பைக் கம்பியாக நீட்டும் ரோலிங் மில்களும் நிறைந்த இடம். நான் பார்க்கப் போனவர் அப்படியொரு மில்லில் இருபது வருஷம் இடுக்கி பிடித்தவர். அவர் கை கால் கழுவிவிட்டு வரும்வரை, அறை மூலையில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் அவருடைய மகன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துப்பாக்கி ஆட்டம்தான். ஆடுகிறவரின் கண்தான் திரை. அடியில் துப்பாக்கி முனை மட்டும் தெரியும். ஆனால் பையன் அதிகம் சுடவில்லை. ஓடவும் இல்லை. குதித்துக் குதித்து, பக்கவாட்டில் சரிந்து, ஆற்றில் படகு வளைவதுபோல் வளைந்து போய்க்கொண்டிருந்தான். ஒவ்வொரு குதிப்பிலும் வேகம் ஏறியது.

'ஏம்ப்பா, நேரா ஓடாம குதிச்சிக்கிட்டே போற?'

'ஓடுனா ஸ்லோண்ணா. தரையில காலு பட்டவுடனே எகிறணும். பட்டுச்சின்னு தெரியறதுக்குள்ள எகிறணும். அப்பதான் ஸ்பீடு ஏறும்.'

'யாரு சொல்லிக் கொடுத்தா?'

'யாரும் இல்ல. கூட ஆடறவங்களப் பாத்துதான்.'

துண்டால் கை துடைத்துக்கொண்டே வந்த அப்பா, 'நாங்களும் அப்டிதான் தோழர் கத்துக்கினோம்' என்றார். அவர் சொன்னது ஆட்டத்தைப் பற்றியல்ல, இடுக்கியைப் பற்றி என்பது எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

அந்த ஆட்டத்தின் பெயர் ஸோனாட்டிக். யாருக்கும் சொந்தமில்லாத, யாரும் எடுத்து ஆடலாம் மாற்றலாம் என்று விடப்பட்டிருக்கும் ஆட்டம். பையன் காட்டிய அந்தக் குதிப்புக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை விளையாட்டு வரலாறாக மட்டும் வாசிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. ஓர் அசைவை யார் கண்டுபிடிக்கிறார்கள், யார் பதிவு செய்கிறார்கள், யார் சொந்தம் கொண்டாடுகிறார்கள் என்ற கேள்வியாக, அதாவது உழைப்பைப் பற்றிய கேள்வியாக, அதை வாசிக்க முயல்கிறேன்.

2

1993 டிசம்பரில் அமெரிக்காவின் இட் சாஃப்ட்வேர் என்ற சிறு நிறுவனம் டூம் என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அதில் முன்னே ஓட ஒரு விசை, பக்கவாட்டில் நகர ஒரு விசை. முன்னே ஓடுவதற்கு 50, பக்கவாட்டுக்கு 40 என்று நிரலில் எண்கள் இருந்தன. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் என்ன ஆகும் என்று நிரல் எழுதியவர்கள் கட்டுப்படுத்தவில்லை. செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் கணக்குப் போடத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விடை தெரியும்: சுமார் 64. கோணலாக ஓடுகிறவன் நேராக ஓடுகிறவனை முந்துவான். ஆடியவர்கள் இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை; விரல்களால் கண்டுபிடித்தார்கள்.

1996 ஜூன் 22 அன்று அதே நிறுவனத்தின் க்வேக் வந்தது. இதில் தரையில் ஓடும் வேகத்துக்கு நொடிக்கு 320 அலகு என்று வரம்பு வைத்தார்கள். காற்றில் இருக்கும்போதும் வரம்பு உண்டு. ஆனால் அந்த வரம்பைச் சோதிக்கும் முறையில் ஒரு ஓட்டை இருந்தது. நிரல் ஒவ்வொரு கணமும் கேட்கும் கேள்வி இது: 'ஆடுகிறவர் எந்தத் திசையில் போக விரும்புகிறாரோ, அந்தத் திசையில் மட்டும் இப்போது அவர் வேகம் எவ்வளவு?' மொத்த வேகம் எவ்வளவு என்று அது கேட்பதில்லை. வடக்கே 320 அலகு வேகத்தில் பறந்துகொண்டிருப்பவர் கிழக்கே போக விசையை அழுத்தினால், கிழக்குத் திசையில் அவருடைய வேகம் பூஜ்யம். 'பாவம், நிற்கிறார்' என்று நிரல் கொஞ்சம் வேகத்தைச் சேர்த்துக் கொடுக்கிறது. சேர்ந்தபின் அவர் போகும் திசை சற்றே கிழக்கே சாய்கிறது. உடனே பார்வையையும் அந்தச் சாய்வுக்கேற்பத் திருப்பினால், மறுபடி பூஜ்யம், மறுபடி தானம். காற்றில் ஒரு திசையில் சேர்க்கத்தக்க வேகத்துக்கு வெறும் 30 அலகுதான் வரம்பு. ஆனால் அந்தத் திசையையே நகர்த்திக்கொண்டிருப்பவரை அந்த வரம்பு ஒருபோதும் பிடிப்பதில்லை.

இதோடு இன்னொன்று சேர்ந்தது. உராய்வு தரையில் மட்டும்தான். கால் பட்ட கணத்திலேயே மறுபடி எகிறினால் உராய்வு வேலை செய்ய நேரமில்லை. சேர்த்த வேகம் அப்படியே நிற்கும். பையன் சொன்ன 'பட்டுச்சின்னு தெரியறதுக்குள்ள' என்பது இதுதான். உலகெங்கும் இதற்கு 'முயல் குதி' என்ற பொருளில் பன்னிஹாப் என்று பெயர் வந்தது.

ஆட்டத்தின் கையேட்டில் இது கிடையாது. செய்தவர்களுக்கே முதலில் தெரியாது. தெரிந்தவர்கள் ஆடியவர்கள். தெரிந்ததை எப்படிச் சொல்லிக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. க்வேக்கில் ஆட்டத்தை அப்படியே பதிவு செய்யும் வசதி இருந்தது. படமாக இல்லாமல், யார் எங்கே எந்தக் கணத்தில் நகர்ந்தார் என்ற குறிப்பாகப் பதிவாகும், கோப்பு சிறியது, யாரும் வாங்கித் தங்கள் கணினியில் மறுபடி ஓடவிட்டுப் பார்க்கலாம். 1997 ஜூனில் ஒரு குழு முழு ஆட்டத்தையும் மிகக் கடினமான நிலையில் 19 நிமிடம் 49 விநாடியில் முடித்துப் பதிவை வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் 16 நிமிடம் 35 விநாடி. முயல் குதி கைவந்தபின், 2000 செப்டம்பரில் 12 நிமிடம் 23 விநாடி. ஒவ்வொரு பதிவும் அடுத்தவருக்குப் பாடம். ஒருவர் கண்ட வழியை இன்னொருவர் பார்த்து, மேம்படுத்தி, திரும்பக் கொடுத்தார். ரகசியம் என்று எதையும் பொத்தி வைக்கவில்லை. எந்த நிறுவனமும் சம்பளம் கொடுத்து நடத்தாத ஓர் ஆய்வுக்கூடம் அது.

3

இனி, செய்தவர்கள் என்ன செய்தார்கள்?

க்வேக்கின் தலைமை நிரலாளர் ஜான் கார்மாக். 1999இல் க்வேக் 3 தயாராகிக்கொண்டிருந்தபோது இந்தக் குதிப்பை ஒரு பிழை என்றே அவர் வெளிப்படையாக எழுதினார். சிலர் கஷ்டப்பட்டுப் பழகிவிட்டார்கள் என்பதாலேயே அது இருந்தாக வேண்டும் என்பதில்லை என்பது அவர் வாதம். அதை நீக்க முயன்றும் பார்த்தார். ஆனால் ஆட்டம் அந்த ஆண்டு டிசம்பரில் வந்தபோது குதிப்பு உயிரோடுதான் இருந்தது. காரணம் பின்னர்தான் எல்லோருக்கும் தெரிந்தது. 2005 ஆகஸ்டில் அந்த ஆட்டத்தின் மூலநிரல் பொதுவில் விடப்பட்டபோது, வேகத்தைக் கணக்கிடும் இடத்தில் இரண்டு வழிகள் அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்தன. முதலாவது பழைய, பிழையான வழி, அதுதான் இயங்குகிறது. இரண்டாவது முறையான வழி. அதற்குப் பக்கத்தில், இது பிழையைத் தவிர்க்கும், ஆனால் ஆடுவதற்கு நன்றாக இல்லை என்ற பொருளில் சுருக்கமான குறிப்பு. அந்த வழி செயலிழக்கச் செய்யப்பட்டு அங்கேயே கிடக்கிறது.

ஒரு பிரதிக்குள் அதன் ஆசிரியனே தன் தோல்வியைக் கையெழுத்திட்டு வைத்திருக்கிற அபூர்வமான இடமாக இதை நான் வாசிக்கிறேன். 'ஆசிரியனின் மரணம்' பற்றி ரொலான் பார்த் 1967இல் எழுதியதை நம் சிறுபத்திரிகைகள் ஒரு காலத்தில் எவ்வளவு பேசித் தீர்த்தன! வாசகன் பிரதியை எழுதுகிறான் என்றோம். இங்கே வாசகன் நிஜமாகவே எழுதினான். ஆசிரியனின் 'சரியான' வாக்கியத்தைவிட அவன் கைப்பழக்கம் பலமுள்ளதாக இருந்தது. ஆனால் நாம் அன்று பேசாமல் விட்டது ஒன்று உண்டு. பிரதியின் அர்த்தம் வாசகனுடையதாகலாம். உரிமைப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? அது நிறுவனத்தின் பெயரில்தான் இருந்தது. அர்த்தத்தில் கிடைத்த விடுதலை சொத்தில் கிடைக்கவில்லை.

எல்லா இடத்திலும் குதித்தவர்கள் ஜெயித்துவிடவில்லை. 1999இல் இரண்டு இளைஞர்கள் இன்னோர் ஆட்டத்தின் மீது மாற்றமாகச் செய்த கவுன்டர்-ஸ்ட்ரைக், நம்மூர் பிரவுசிங் சென்டர்களில் பல வருஷம் ஓடிய ஆட்டம், 2000இல் வால்வ் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2002இல் வந்த 1.4 பதிப்பில் குதித்து இறங்கினால் வேகம் குறையும்படி மாற்றிவிட்டார்கள். ஒரு திருத்தக் கோப்பு போதும், ஆயிரக்கணக்கானவர்களின் விரல்கள் பழகியதை ஒரே இரவில் செல்லாக்காசாக்க. ஆலையில் புது இயந்திரம் இறங்கிய மறுநாள் காலை எப்படி இருக்கும் என்று அறிந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

4

இடுக்கி பிடித்தவரிடம் திரும்பி வருகிறேன். சிறிய ரோலிங் மில்லில் நடப்பதை அவர் சொன்னபடி தருகிறேன். உலையில் ஆயிரத்து நூறு டிகிரிக்கு மேல் சிவந்த இரும்புக் கட்டை, பள்ளம் வெட்டிய உருளைகளுக்கு நடுவே நுழைந்து மறுபக்கம் நீண்டு வெளிவரும். அங்கே நிற்பவர் அதன் மூக்கை இடுக்கியால் பிடித்து, அரைவட்டமாகத் திருப்பி, அடுத்த பள்ளத்தில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளத்திலும் கம்பி மெலியும், நீளும், வேகம் கூடும். வால் முதல் பள்ளத்திலிருந்து வந்துகொண்டே இருக்கையில் தலை இரண்டாவதில் போய்விட்டிருக்கும். நடுவே தரையில் சிவப்பு வளையம் ஒன்று சுருங்கி விரியும்.

'மூக்கு வெளிய வரும்போதே இடுக்கி அங்க இருக்கணும். பாத்துட்டுப் புடிக்கலாம்னு நெனச்சா போயிடும். வளையத்துக்குள்ள மட்டும் காலு வெக்கக் கூடாது. வெச்சா காலு இருக்காது.'

காலை எப்படி வைப்பது, இடுப்பை எப்போது திருப்புவது, இரும்பின் நிறத்தைப் பார்த்து அது வழுக்குமா மடங்குமா என்று எப்படிக் கணிப்பது: இதெல்லாம் எந்த மேனேஜரும் சொல்லித் தந்ததில்லை. முன்னால் நின்றவரைப் பார்த்துப் பின்னால் நின்றவர் பிடித்துக்கொண்டது. கூலிப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே இருபது வருஷமும் இருந்த சொல் 'ஹெல்பர்'.

இங்கே டெய்லரை நினைக்காமல் இருக்க முடியாது. ஃபிரெடரிக் டெய்லரின் 'விஞ்ஞான நிர்வாகம்' பிறந்ததே உருக்கு ஆலைகளில்தான். 1899இல் பெத்லகேம் உருக்காலையில் இரும்புப் பாளம் சுமப்பவர் நாளொன்றுக்குச் சுமந்த பன்னிரண்டரை டன்னை நாற்பத்தேழரை டன்னாக உயர்த்தியதாக அவர் கணக்குச் சொன்னார். 1911இல் வந்த அவருடைய நூலின் மையமே, தொழிலாளிகளிடம் பரம்பரையாகச் சேர்ந்து கிடக்கும் கைப்பக்குவத்தை நிர்வாகம் திரட்டி, விதியாக்கி, தன் மேசைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது. அவருக்குப் பின் ஃபிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் தொழிலாளியின் விரல்களில் சின்ன விளக்குகளைக் கட்டி, இருட்டில் கையசைவின் ஒளிக்கோட்டைப் படமெடுத்து, அந்தக் கோட்டைக் கம்பியில் வளைத்து மாதிரி செய்தார்கள். உழைப்பவரின் அசைவை நுணுக்கமாகப் பதிவு செய்தவர்கள் அவர்கள். பதிவின் நோக்கம், அசைவை உழைப்பவரிடமிருந்து பிரித்தெடுத்து வேறு யார் கையிலும் பொருத்துவது.

ஆக அசைவைப் பதிவு செய்வதில் இரண்டு மரபுகள் நமக்குக் கிடைக்கின்றன. ஒன்று கில்பிரெத்தின் ஒளிக்கோடு: மேலேயிருந்து எடுப்பது, எடுத்தபின் திருப்பித் தராதது. இன்னொன்று 1997இன் க்வேக் பதிவுக் கோப்பு: அசைந்தவரே எடுத்து, அசையப் போகிறவர்களிடம் கொடுப்பது. மிஷல் தெ செர்த்தோ 1980இல் சொன்ன சாமானியரின் தந்திரங்கள், முதலாளியின் நேரத்திலேயே தனக்கென்று ஒரு பொருளைச் செய்துகொள்ளும் தொழிலாளியின் சாமர்த்தியம், எல்லாம் தடயமில்லாமல் மறைபவை. மறைவதே அவற்றின் பலம் என்று அவர் கருதினார். நான் அவ்வளவு நிச்சயமாக இல்லை. க்வேக் ஆடியவர்கள் தம் தந்திரத்தை மறைக்காமல் பதிவு செய்து பரப்பியதால்தான் கார்மாக்கின் 'சரியான வழி'யால் அதை அசைக்க முடியாமற் போனது என்று நினைக்கிறேன். இடுக்கிக்காரரின் இருபது வருஷத்துக்கு மிஞ்சியிருக்கும் பதிவு முழங்கைக்குக் கீழே ஒரு சூட்டுத் தழும்பு.

வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டத்தில் தவறினால் ஒரு விநாடியில் மறுபிறவி. மில்லில் மறுபிறவி இல்லை. இந்த வேறுபாட்டை அழித்துவிட்டு 'எல்லாமே விளையாட்டுத்தான்' என்று பேசுவது வெட்டிப்பேச்சு.

5

சொத்து விஷயத்துக்கு வருவோம். 1999 டிசம்பர் 21 அன்று இட் நிறுவனம் முதல் க்வேக்கின் மூலநிரலை ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தின் கீழ் விட்டது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம். ஆனால் மாற்றியதைப் பரப்பினால் அதே உரிமையை மற்றவருக்கும் தர வேண்டும். பொதுக் கிணறு மாதிரி: இறைக்கலாம், வேலி போடக் கூடாது. அந்தக் கிணற்றிலிருந்து பிறந்தது நெக்ஸூயிஸ். 2001இல் லீ வெர்முலன் என்பவர் க்வேக்கின் மீது ஒரு மாற்றமாகத் தொடங்கி, பலர் கூடி, 2005இல் முழு ஆட்டமாக, கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. வரைபடம் வரைந்தவர், ஒலி சேர்த்தவர், பிழை பார்த்தவர் என்று பலரின் கூலியற்ற உழைப்பு அதில் இருந்தது.

2010 மார்ச்சில் அந்தப் பெயரை இல்ஃபோனிக் என்ற நிறுவனத்துக்கு வணிக ஆட்டம் செய்ய உரிமம் கொடுத்துவிட்டார்கள். உழைத்தவர்கள் கொதித்துப் போனார்கள். ஆனால் அவர்கள் செய்தது வெறும் கண்டன அறிக்கை இல்லை. ஜி.பி.எல். கையில் இருந்தது, நிரலையும் படங்களையும் எடுத்துக்கொண்டு வேறு பெயரில் வெளியேறினார்கள். அதுதான் ஸோனாட்டிக். வணிக நெக்ஸூயிஸ் வேறோர் இயந்திரத்தில் கட்டப்பட்டு 2012இல் விற்பனைக்கு வந்தது. அதை வெளியிட்ட டி.எச்.க்யூ. அதே ஆண்டு டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. வெளியேறியவர்களின் ஆட்டம் இன்றும் ஆடப்படுகிறது. வேலைநிறுத்தம் செய்தவர்கள் ஆலையையே தூக்கிக்கொண்டு போன மாதிரி. நிரலில் இது முடியும். கும்மிடிப்பூண்டி உலையை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதும் உண்மை. இந்த உவமைக்கு எல்லை அங்கே இருக்கிறது.

ஸோனாட்டிக்கில் இன்னொரு விசேஷம். அசைவின் விதிகள், அதாவது புவியீர்ப்பு, உராய்வு, காற்றில் எவ்வளவு திரும்பலாம் என்பன, மாற்றத்தக்க எண்களாக வெளியே வைக்கப்பட்டுள்ளன. ஆட்டம் நடத்துகிறவர் க்வேக் விதியில் ஆடலாம், வேறு ஆட்டத்தின் விதியில் ஆடலாம், தாமே ஒன்று வைக்கலாம். சுடுவதை விட்டுவிட்டு ஓடி முடிப்பதற்கு மட்டுமேயான முறையும் உண்டு. பையன் ஆடியது அதைத்தான். நம் ஊர்ச் சடுகுடுவில் கோடு எங்கே, யார் பாட்டு செல்லும் என்று ஆடுகளத்திலேயே சண்டை போட்டு முடிவு செய்த பழக்கத்துக்கு இது நெருக்கமானது. 2014இல் சடுகுடு புரோ கபடியாகத் தொலைக்காட்சிக்கு வந்தபோது ஒரு ரெய்டுக்கு 30 விநாடி என்று கடிகாரம் வைத்தார்கள். மூச்சு அளந்ததைக் கடிகாரம் அளக்கத் தொடங்கியது.

இந்த ஆட்டம் அந்த வீட்டுக்கு எப்படி வந்தது? 2011 செப்டம்பர் 15 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில்தான் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. 'இலவசம்' என்று நம் அறிவுஜீவிகள் எள்ளி நகையாடிய பொருள் அது. கனமான புது ஆட்டங்கள் அதில் ஓடாது. க்வேக் வம்சத்து ஆட்டங்களோ 1996இன் கணினிகளுக்காக எழுதப்பட்ட அடித்தளத்தில் நிற்பவை. படத்தின் தரத்தைக் குறைத்தால் ஓடும். காசும் கேட்காது. இரண்டு 'இலவசங்கள்' அங்கே சந்தித்துக்கொண்டன.

6

கடந்த பத்தாண்டுகளில் இந்தப் பழைய வேகத்துக்கு மறுவாழ்வு வந்திருக்கிறது. பெரிய நிறுவனங்களின் துப்பாக்கி ஆட்டங்கள் மெதுவான, படைவீரன்போல் மூச்சு வாங்கும் நடைக்குப் போய்விட்ட நிலையில், தனியாட்களும் சிறு குழுக்களும் செய்யும் ஆட்டங்களில் குதிப்பு திரும்பி வந்தது: 2016இல் டெவில் டேகர்ஸ், 2018இல் டேவிட் சிமான்ஸ்கி செய்த டஸ்க், 2020 முதல் ஃபின்லாந்தின் அர்ஸி பட்டாலா பகுதி பகுதியாக வெளியிட்டுவரும் அல்ட்ராகில். இவற்றில் அசைவுதான் ஆட்டம். துப்பாக்கி அதற்குத் துணை. நின்றால் சாவு. 1996இல் தற்செயலாக நேர்ந்த பிழையை இவர்கள் தெரிந்தே, அளந்து, மெருகேற்றிச் செய்கிறார்கள்.

இதை ஒரேயடியாக வணிகமயம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பெருமூலதனம் கைவிட்ட ஒரு கைத்திறனைத் தனிக் கைவினைஞர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். அவர்கள் பிழைக்கவும் வேண்டும். ஆனால் ஒரு மாற்றம் நடந்துவிட்டதை அவதானிக்க வேண்டும். முன்பு குதிப்பு என்பது விதியின் இடுக்கில் ஆடுகிறவர் கண்ட வழி. இப்போது அது விதியாகவே தரப்படுகிறது. சரியாகச் செய்தால் திரையில் மதிப்பெண் விழுகிறது. மீறலுக்கு மார்க் போடத் தொடங்கினால் அது பாடத்திட்டம். பூக்கோ சொன்ன ஒழுங்குபடுத்தப்பட்ட உடல் ராணுவ அணிவகுப்பில் மட்டும் இல்லை, இப்படி உற்சாகமாகக் குதிக்கிற விரல்களிலும் இருக்கலாம்.

ராணுவத்தைச் சொன்னதால் ஒன்று. க்வேக் வந்த அதே 1996இல் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை டூம் ஆட்டத்தின் இரண்டாம் பாகத்தைத் தன் வீரர்களின் பயிற்சிக்கு மாற்றி எடுத்துக்கொண்டது. துப்பாக்கி முனையிலிருந்து உலகைப் பார்க்கும் இந்தக் கோணமே அரசியலற்றது அல்ல. ஓடி முடிக்கும் முறையில் யாரும் சாவதில்லை என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. துப்பாக்கி திரையில் இருந்துகொண்டேதான் இருக்கிறது.

இன்னொன்றும் அந்த வீட்டிலேயே இருந்தது. பேச்சின் நடுவில் பையன் சொன்னான், லேப்டாப் அவனுடையது இல்லை, அக்காவுடையது, பிளஸ் டூவில் அவளுக்குக் கொடுத்தது. அக்கா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை, விடுதியில் தங்கல், மாதம் இரண்டு முறை வருவாள். 'அக்கா ஆடுமா?' என்று கேட்டேன். 'வந்தா தூங்கும்ணா' என்றான். அவளும் விரல்களால் வேகம் செய்கிறவள்தான். அந்த வேகம் பெல்ட்டின் வேகம். ஒரு பலகைக்கு இத்தனை விநாடி என்று வேறு யாரோ அளந்து வைத்தது. கில்பிரெத்தின் விளக்கு அவள் விரலில் இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆடுவதற்கு முதலில் வேண்டியது தன் நேரம். அது ஆண்பிள்ளைக்குக் கிடைத்ததுபோல் அவளுக்குக் கிடைக்கவில்லை. இந்த ஆட்டங்களின் வரலாற்றில் பெண் பெயர்கள் அரிதாக இருப்பதைத் திறமைக் கணக்கில் எழுதுகிறவர்கள் இந்தத் தூக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

7

கடைசியாக 'திறன்' என்ற சொல்லைப் பற்றி. 1996 ஜனவரியில், க்வேக் வருவதற்கு ஐந்து மாதம் முன்பு, சென்னைக் குதிரைப் பந்தய வழக்கில் உச்ச நீதிமன்றம் பந்தயம் அதிர்ஷ்டமல்ல, பெரும்பாலும் திறன் சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்புச் சொன்னது. அதன்பின் சூதாட்டத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்களின் முதல் ஆயுதம் திறன் என்ற சொல்தான். 2022ஆம் ஆண்டின் தமிழகச் சட்டம் இணைய ரம்மியைத் தடை செய்தபோது, 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறனாட்டங்கள் என்று கூறி அவற்றுக்கான தடையை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம், திறனோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்தது.

பணம் புழங்கும் இடத்தில் திறன் இருக்கிறதா என்று ஆராய உச்ச நீதிமன்றம்வரை போக முடிகிறது. குறைந்தபட்சக் கூலி அறிவிக்கைகளில் 'திறன் பெற்றவர்', 'ஓரளவு திறன் பெற்றவர்', 'திறனற்றவர்' என்று மூன்று கட்டம் போட்டு, ஆயிரத்து நூறு டிகிரிக் கம்பியை மூக்கில் பிடித்துத் திருப்புகிறவரை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதை ஒப்பந்தக்காரரின் பேனா முடிவு செய்கிறது. சீட்டு பிடிக்கும் கைக்குத் திறன் உண்டு, இடுக்கி பிடிக்கும் கைக்கு இல்லை என்ற இந்தச் சொல்லாடலை நாம் எப்போதாவது கட்டுடைத்திருக்கிறோமா? சங்கங்கள் நாள்கூலிக்கும் போனஸுக்கும் போராடின, போராட வேண்டியதுதான். திறன் என்றால் எது என்று வரையறுக்கும் அதிகாரத்துக்குப் போராடியது குறைவு.

க்வேக் ஆடியவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் ரொம்பச் சின்னது. அவர்கள் கண்டுபிடித்ததைத் தாங்களே பதிவு செய்தார்கள், தங்கள் மொழியில் பெயர் வைத்தார்கள், கைமாற்றிக் கொடுத்தார்கள். பிழை என்று சொன்னவனே அதை விட்டுவைக்க நேர்ந்தது. நம் எழுத்தாளர்கள் தொழிலாளியின் துயரத்தை எழுதினார்கள்; அவர் காலை எங்கே வைத்தார், இடுப்பை எப்போது திருப்பினார் என்று எழுதவில்லை. துயரம் இரக்கத்தைப் பெற்றுத் தரும். காலடி எழுதப்பட்டிருந்தால், 'ஹெல்பர்' என்ற சொல்லை எதிர்த்து மேசையில் வைக்க ஒரு காகிதமாவது இருந்திருக்கும்.

அன்று கிளம்பும்போது பையனிடம் ஒன்று கேட்டேன். அப்பா இடுக்கி பிடிப்பதை நின்று காட்டச் சொல்லி செல்போனில் எடுத்து வைக்க முடியுமா என்று. அவன் சிரித்தான். அப்பா எழுந்து, லுங்கியை மடித்துக் கட்டி, வெறுங்கையில் இடுக்கி இருப்பதுபோல் பிடித்து, இடது காலைப் பின்னுக்கு வைத்தார். 'மொதல்ல மெதுவா காட்றேன்' என்றார். மெதுவாகக் காட்ட அவரால் முடியவில்லை. வேகமாகத்தான் வந்தது. மூன்று தடவை எடுத்தோம். அந்தப் பதிவு இப்போது அந்த வீட்டில் அவர்களிடமே இருக்கிறது.